ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை: பே ஏரியாவில் காட்டுப்பூ பார்க்க எந்த மலைக்குப் போகலாம்?

ஏப்ரலில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஓய்வாகக் கிடைக்கும், அன்றைக்குக் காட்டுப்பூ பார்க்க எங்கே போகலாம் என்று சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய இந்த பே ஏரியாவில், சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கத்து நண்பர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கும். மலை முழுக்க ஆரஞ்சு, இடையில் மஞ்சள் பட்டை, மேலே நீல வானம். தெற்கே கரிஸோ ப்ளெயின் சமவெளியிலோ, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஆன்டலோப் பள்ளத்தாக்கிலோ எடுத்த படமாக இருக்கும். "நாலு மணி நேரம்தானே, காலையில கிளம்பி ஓட்டிடலாமா?" என்பதுதான் அவர்கள் கேட்க வந்த கேள்வி.

பத்து வருஷமாக வசந்தம் வந்தால் இந்த மலைகளில்தான் நடக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணியில் போகக்கூடிய ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டு, மூன்று வார இடைவெளியில் இரண்டு முறையாவது போங்கள். தூரத்து மலை ஒரு நாள் காட்சி. பக்கத்துக் குன்றில் பூக்களின் பெயர் தெரிய ஆரம்பிக்கும், போன முறை மொட்டாக இருந்தது எது, இப்போது காயாகிவிட்டது எது என்று தெரிய ஆரம்பிக்கும். தூரத்துக்குப் போகத்தான் வேண்டும் என்கிற வருஷங்களும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தக் குன்று என்று சொல்வதற்கு முன் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். ஏன் ஒரு குன்றில் பூவாகக் கொட்டிக் கிடக்கிறது, பக்கத்துக் குன்றில் வெறும் புல்லாக இருக்கிறது என்பது மண்ணைத் தெரிந்துகொண்டால் புரிந்துவிடும்.

மார்ச்சில் இந்தக் குன்றுகளெல்லாம் பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்து, இது இந்த மண்ணுக்கே உரிய புல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பகுதி அப்படி இல்லை. ஸ்பானியர்கள் வந்த காலத்திலிருந்து ஆடுமாடுகளோடும் தீவனத்தோடும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த புல் வகைகள் இவை. நவம்பர் மழையில் முளைத்து, மளமளவென்று இடுப்பளவு உயர்ந்து, தரையோடு தரையாக வளரும் உள்ளூர்ப் பூச்செடிகளை நிழலில் அமுக்கிவிடும்.

இந்தப் புல் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. செர்பன்டைன் பாறை இருக்கும் இடம். பாம்புத் தோல் போலப் பச்சையும் கறுப்புமாக வழவழவென்று இருக்கும் பாறை. பெயரும் அதனால்தான் வந்தது. பூமிக்கு அடியில் ஆழத்தில் இருந்த பாறை, கடலடியில் நீரோடு சேர்ந்து உருமாறி, நிலத்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இந்தப் பகுதியில் மேலே தள்ளப்பட்டிருக்கிறது. 1965இல் இதைக் கலிஃபோர்னியாவின் மாநிலப் பாறையாக அறிவித்தார்கள். இந்த மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, சுண்ணாம்புச்சத்தும் குறைவு. மெக்னீசியம் அதிகம், நிக்கலும் குரோமியமும் வேறு. ஒரு விவசாயி பார்த்தால் எதற்கும் உதவாத நிலம் என்று போய்விடுவார். வெளியிலிருந்து வந்த புல்லும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறது. பல்லாயிரம் வருஷமாக இந்தப் பட்டினிக்குப் பழகிய உள்ளூர்ச் செடிகளுக்கோ அங்கே போட்டியே இல்லை. ஆகவே பூ பார்க்கக் கிளம்பும்போது செர்பன்டைன் எங்கே என்று தேடுங்கள். பே ஏரியாவில் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று இடங்கள் இருக்கின்றன.

எட்ஜ்வுட்

மூன்றில் ஒன்றை மட்டும் சொல் என்றால் ரெட்வுட் சிட்டிக்கு மேலே, 280 ஃப்ரீவேயை ஒட்டி இருக்கும் எட்ஜ்வுட் பூங்காவைச் சொல்வேன். 467 ஏக்கர்தான். சன்னிவேலிலிருந்து போக்குவரத்து இல்லாவிட்டால் அரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாய், சைக்கிள் இரண்டுக்கும் அனுமதி இல்லை, அதனால் குழந்தைகளோடு நிதானமாக நடக்கலாம்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வாக்கில் செர்பன்டைன் புல்வெளியில் நின்றால் முதலில் கண்ணில் படுவது கோல்ட்ஃபீல்ட்ஸ். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மஞ்சள் பூ, கணுக்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் லட்சக்கணக்கில் பூத்துத் தரையே தெரியாமல் செய்துவிடும். அதற்கு நடுவே ஓரம் மட்டும் வெள்ளையடித்தது போன்ற டைடி டிப்ஸ், வெளிர் மஞ்சள் கிண்ணம் போன்ற க்ரீம் கப்ஸ், ஊதா ஔல்ஸ் க்ளோவர், நீல லார்க்ஸ்பர். மரத்தடிப் பாதைக்குள் வந்தால் காட்சி அப்படியே மாறிவிடும். அங்கே பூக்கள் கூட்டமாக இல்லாமல் தனித்தனியாக, தேடினால்தான் தென்படும்.

எட்ஜ்வுட்டை நான் முதலில் வைப்பதற்குப் பூ மட்டும் காரணம் இல்லை. மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை வார இறுதிக் காலைகளில் தன்னார்வலர்கள் இலவசமாக அழைத்துப் போய்ப் பூக்களைக் காட்டுகிறார்கள். முதல் முறை அப்படி ஒரு நடையில் சேர்ந்தபோது, ஒரு மைலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நூறு அடிக்கு ஒரு தரம் மண்டியிட்டு, கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியை என் மகளிடம் கொடுத்து, "உள்ளே பார், என்ன நிறம் தெரிகிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து அவள் எந்தப் பூவையும் நின்று பார்க்காமல் தாண்டுவதில்லை. இப்படி ஆள் துணையோடு பார்ப்பது வேறு எந்த இடத்திலும் இவ்வளவு எளிதாக வாய்க்காது.

இன்னொரு கதையும் இந்தக் குன்றுக்கு இருக்கிறது. இந்த நிலத்தை முதலில் ஒரு கல்லூரி கட்ட வாங்கினார்கள். அப்புறம் கோல்ஃப் மைதானம் போடத் திட்டம். உள்ளூர் மக்கள் பல வருஷம் போராடி, 1993இல் இதை இயற்கைக் காப்பிடமாக அறிவிக்க வைத்தார்கள். ஆனால் ஃப்ரீவே பக்கத்திலேயே இருக்கிறதே. வண்டிகளின் புகையில் வரும் நைட்ரஜன் காற்றோடு வந்து இந்த மண்ணில் இறங்குகிறது. தழைச்சத்து இல்லாததுதான் இந்த மண்ணின் காவல். அந்தக் காவலை நாம் ஓட்டும் கார்களே கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. யூரியா போட்ட வயல் மாதிரி இத்தாலிய ரை புல் உள்ளே நுழைந்துவிட்டது. ஸ்டூவர்ட் வைஸ் என்ற சூழலியலாளர் 1999இல் இதை விளக்கி எழுதினார்.

அந்தப் புல்லால் அடிபட்டது ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கட்டங்கள் போட்ட பே செக்கர்ஸ்பாட். அதன் புழு முக்கியமாகத் தின்பது தரையோடு வளரும் ஒரு குட்டிச் செடியை. நம் வீடுகளில் வயிற்றுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோலுக்கு அந்தச் செடி நெருங்கிய சொந்தம். ரை புல் அந்தச் செடியை மூடியதும் பட்டாம்பூச்சியும் குறைந்துகொண்டே வந்து, 2002 வாக்கில் எட்ஜ்வுட்டிலிருந்து மறைந்தே போனது. 2007இலும், பிறகு 2011 முதலும், சான் ஹோசேயின் தெற்கே இருக்கும் கயோட்டி ரிட்ஜிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புல்லைச் சரியான நேரத்தில் வெட்டி அந்தச் செடிக்கு இடம் விடுகிறார்கள். மார்ச் கடைசியில் வெயில் நன்றாக அடிக்கும் நாளில் போனால் பறப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

குறை என்று சொன்னால், ஏப்ரல் வார இறுதிகளில் பார்க்கிங் சீக்கிரமே நிரம்பிவிடும். பிரதான வாசலிலிருந்து புல்வெளிக்குப் போக மரங்களுக்கு நடுவே ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் கன்யாடா ரோடு பக்கமிருக்கும் கிளார்க்கியா நுழைவைப் பாருங்கள். அங்கிருந்து ஏற்றம் குறைவு. ஃப்ரீவே சத்தம் மட்டும் கூடவே வரும்.

கயோட்டி ரிட்ஜும் ஸ்டைல் ராஞ்சும்

பட்டாம்பூச்சியின் தாய்வீடான கயோட்டி ரிட்ஜை 101 ஃப்ரீவேயில் மார்கன் ஹில் போகும்போது இடது பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். வெகுகாலம் அங்கே பொதுமக்கள் இஷ்டத்துக்குப் போக முடியாது. 2023இல்தான் பாதை போட்டுத் திறந்தார்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான முவெக்மா ஓலோனி மக்களின் சோச்சென்யோ மொழியில் மய்யன் ஊயாக்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கயோட்டி மலைமுகடு என்றுதான் பொருள்.

எட்ஜ்வுட்டில் தோட்ட அளவில் பார்ப்பதை இங்கே மலை அளவில் பார்க்கலாம். செர்பன்டைன் முகடு நெடுக மஞ்சள். கீழே சான் ஹோசே நகரம், எதிரே சாண்டா க்ரூஸ் மலைகள். இங்கே புல்லை அடக்கி வைப்பது மாடுகள். மாடு மேய்ந்தால் காடு அழியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம். மாடுகளுக்கு உயரமான ரை புல்தான் பிடிக்கும், குட்டிப் பூச்செடிகளை அவ்வளவாகத் தொடாது. மாடு மேய்ப்பதை நிறுத்திய இடங்களில்தான் பூவும் பட்டாம்பூச்சியும் குறைந்தன.

ஆனால் ஏற்றம் கடுமை. நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. ஏப்ரல் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் சின்னக் குழந்தைகளோடு ஏற நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாடுகள் இருக்கும், வேலிக் கதவைத் திறந்தால் மூட மறக்கக் கூடாது. சில பகுதிகளுக்குப் பருவத்தைப் பொறுத்துக் கட்டுப்பாடும் இருக்கலாம். கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நடைப் பழக்கம் உள்ளவர்கள், தனியாகவோ நண்பரோடோ போகிறவர்கள் என்றால் எட்ஜ்வுட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரே பார்வையில் அத்தனை பூ, அதுவும் நகரத்துக்குப் பக்கத்திலேயே!

மூன்றாவது இடத்தைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அல்மடென் பக்கம், சாண்டா தெரசா கவுன்டி பூங்காவின் பின்புறம் ஃபோர்டினி ரோடு முனையில் தொடங்கும் ஸ்டைல் ராஞ்ச் பாதை. சமதளத்தில் ஆரம்பித்து, பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் போதும். பாறை இடுக்குகளிலிருந்து எட்டிப் பார்க்கும் பூக்கள் இங்கே சிறப்பு. மார்ச் நடுவிலேயே தொடங்கிவிடும். தெற்கு சான் ஹோசேயில் இருப்பவர்களுக்கு, வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய இடம். சைக்கிள் ஓட்டிகள் வேகமாக இறங்குவார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிந்திப் பூக்கும் மலை

ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு ரஷ்யன் ரிட்ஜ். ஸ்கைலைன் பூல்வார்டும் ஆல்பைன் ரோடும் சந்திக்கும் இடத்தில் பார்க்கிங். உயரம் அதிகம் என்பதால் கீழே எல்லாம் காயத் தொடங்கும் நேரத்தில் இங்கே பூக்கும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். போரெல் ஹில் என்ற உச்சி 2,572 அடி. பார்க்கிங்கிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். காற்று தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் வளைகுடாவும் மறுபக்கம் பசிபிக் கடலும் தெரியும்.

இங்கே பூக்கள் பெரிதாக, நிறம் அழுத்தமாக, தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்படி இருக்கும். பாப்பி, லூபின், ம்யூல் இயர்ஸ். பூ பார்த்துப் பழக்கமில்லாதவர்களை முதல் முறை கூட்டிப் போக இதைவிட நல்ல இடம் இல்லை. போன முறை திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அம்மாவை இங்கேதான் கூட்டிப் போனேன். லூபினைப் பார்த்ததும், "இது நம்ம அவரைப்பூ மாதிரி இருக்கே" என்றார். சரிதான், அவரைக் குடும்பத்துச் செடிதான் அது. பாப்பியின் இதழைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு, "பிரம்மதண்டுப் பூவும் இப்படித்தான்டா, ஊதினா பறந்துடற மாதிரி மெலிசா இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதுவும் சரி. நம் ஊர் சாலையோரத்து பிரம்மதண்டும் பாப்பி குடும்பம், அதுவும் இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். புத்தகம் பார்த்து நான் படித்ததை அம்மா கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்.

இரண்டு எச்சரிக்கை. பேஜ் மில் ரோடு வழியாக ஏறினால் வளைவுகளில் பின்சீட்டுக் குழந்தைகளுக்கு வாந்தி வந்துவிடும். கொஞ்சம் சுற்றினாலும் 84ஆம் நெடுஞ்சாலை வழியாக ஸ்கைலைனுக்கு வருவது மேல் என்பது என் அனுபவம். இன்னொன்று காற்று. கீழே அரைக்கை சட்டை போதும் என்கிற நாளிலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். காற்றும் குளிரும் பலமாக இருந்தால் பாப்பி விரியவே விரியாது.

பாப்பியைப் பற்றி இதை எல்லா இடத்துக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1903 முதல் கலிஃபோர்னியாவின் மாநிலப் பூ அது. இரவிலும் மேகமூட்டத்திலும் இதழை மூடிக்கொள்ளும். பார்க்கிங் கிடைக்க வேண்டுமே என்று காலை எட்டு மணிக்குப் போய், ஆரஞ்சுக் குச்சிகளாக மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியவர்கள் நிறைய. வெயில் ஏறிப் பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் விரியும். சீக்கிரம் போய் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் மரத்தடிப் பாதையில் நடந்துவிட்டு, திறந்த வெளிக்குப் பிறகு வருவதே நல்லது.

கிழக்கு வளைகுடாவில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். டியாப்லோ மலையின் வடக்கே மிட்சல் கேன்யன் இருக்கிறது. வண்டிக்குக் கட்டணம் உண்டு. ஏப்ரல் பிற்பாதியில் விளக்குப் போலத் தலைகவிழ்ந்து தொங்கும் மஞ்சள் குளோப் லில்லியைத் தேடுங்கள். டியாப்லோவையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் விட்டு வெளியே காணக் கிடைக்காத பூ. இந்த மலையில் 1936இல் கடைசியாகப் பார்த்த பக்வீட் என்ற ஒரு காட்டுச் செடி, அழிந்தே போனது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தபோது 2005இல் மறுபடி கிடைத்தது. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார். கடற்கரைப் பூ வேண்டும் என்பவர்களுக்குப் பசிஃபிக்காவின் மோரி பாயின்ட் பக்கம். நேரம் இருந்தால் பாயின்ட் ரேயஸின் சிம்னி ராக் அதைவிட அழகு, ஆனால் சான் ஹோசேயிலிருந்து போகவே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். பினக்கிள்ஸ் தேசியப் பூங்காவை நான் பூவுக்காகச் சொல்ல மாட்டேன், தேனீக்காகச் சொல்வேன். 400க்கும் மேற்பட்ட வகைக் காட்டுத் தேனீக்கள் அங்கே இருக்கின்றன.

தூரத்து மலைகள்

இனி நாலு மணி நேரக் கேள்வி. கரிஸோ ப்ளெயினுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் போனது வாழ்நாளில் மறக்காது. டெம்ப்ளர் மலைத்தொடரின் சரிவு முழுக்க மஞ்சள், அதன் மேல் ஊதா, ஆங்காங்கே ஆரஞ்சு. ஒவ்வொரு நிறமும் பல ஏக்கர். மணிக்கணக்காக வண்டியில் வந்த களைப்பெல்லாம் அந்த முதல் வளைவிலேயே போய்விட்டது. அதை வேண்டாம் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு முறை, மழை சரியில்லாத வருஷத்தில் போனோம். பழுப்பு நிலம், காய்ந்த சோடா ஏரி, சாலையோரம் சில மஞ்சள் பூக்கள், அவ்வளவுதான். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. சூப்பர்ப்ளூம் என்கிற பெரும்பூப்பு 2017, 2019, 2023 ஆகிய வருஷங்களில் வந்தது. இலையுதிர் காலத்திலேயே நல்ல மழை விழுந்து விதைகளை எழுப்ப வேண்டும், அப்புறம் குளிர்காலம் நெடுக விட்டுவிட்டுப் பெய்ய வேண்டும், பிப்ரவரி, மார்ச்சில் சூடான காற்று வந்து நாற்றைப் பொசுக்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் கூடிவந்தால்தான் உண்டு. பக்கத்துக் குன்று அப்படி இல்லை. மழை குறைந்த வருஷத்திலும் எட்ஜ்வுட்டில் நாலு வகைப் பூ கண்ணில் படாமல் இருக்காது.

கரிஸோவுக்கு உள்ளே பெட்ரோல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் விற்கும் கடை கிடையாது. போனில் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் எடுக்காது. மண் சாலைகள் மழை பெய்தால் சேறாகிவிடும், சாதாரண கார் மாட்டிக்கொள்ளும். அதனால் மழை நின்று நாலைந்து நாளாவது ஆன பிறகு, டாங்க் நிரப்பி, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரோடு போங்கள்.

ஓரோவில் ஊருக்கு மேலே இருக்கும் நார்த் டேபிள் மவுன்டன் எனக்குக் கரிஸோவைவிட நெருக்கமான இடம். எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் மேடை. அதன் மேல் அங்குலக் கணக்கில் மண். மறுபடியும் அதே சங்கதிதான், மண் மெலிந்த இடத்தில் பூ கொழிக்கிறது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. மழைநீர் தேங்கிய குட்டைகள் வற்ற வற்ற, கரையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூக்கும். மழைக்காலத்தில் மட்டும் விழும் அருவிகளும் உண்டு. கலிஃபோர்னியா வனவிலங்குத் துறையின் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். சான் ஹோசேயிலிருந்து மூன்றரை மணி நேரம். அன்றே திரும்புவதாக இருந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். இரவு சாக்ரமென்டோவில் தங்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

தூரத்து மலைகளில் என்னைத் தயங்க வைக்கும் இன்னொரு விஷயம் கூட்டம். லேக் எல்சினோருக்குப் பக்கத்து வாக்கர் கேன்யனில் 2019இல் வந்த கூட்டத்தில் பாப்பி நிலம் மிதிபட்டது. அடுத்த பெரும்பூப்பு 2023இல் வந்தபோது அந்தப் பள்ளத்தாக்கையே மூடிவிட்டார்கள். படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கும் ஒவ்வொரு காலும் அடுத்த வருஷ விதையைத்தான் மிதிக்கிறது. கூட்டம் பரவலாகப் பிரிந்தால் எல்லா இடமும் தப்பிக்கும் என்பதாலும் பக்கத்துக் குன்றுகளைச் சொல்கிறேன்.

யாருக்கு எது

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால், ஏப்ரலில் எட்ஜ்வுட் கிளார்க்கியா நுழைவு, மே மாதமானால் ரஷ்யன் ரிட்ஜ். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு ஸ்டைல் ராஞ்சின் சமதளப் பகுதி, அல்லது மோரி பாயின்ட். பத்து வயதைத் தாண்டிய, கேள்வி கேட்கிற பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எட்ஜ்வுட் தன்னார்வலர் நடை. கால் பலம் உள்ள நண்பர்கள் கயோட்டி ரிட்ஜ். குளிர்காலத்தில் தென் கலிஃபோர்னியா வரை நல்ல மழை, வார நாளில் லீவு போட முடியும், ஓர் இரவு தங்கவும் முடியும் என்று மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கரிஸோவுக்கு யோசிக்காமல் போங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த எட்டு மணி நேர ஓட்டத்தை இரண்டு சனிக்கிழமை நடையாக மாற்றிக்கொள்வது மேல். அந்த ஒரே சனிக்கிழமைதான் உண்டு என்கிறவர்கள், இரண்டாவது நடையை ஒரு வேலை நாள் மாலையில் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் ஏழரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

எங்கே போனாலும் பாய்சன் ஓக் செடியை அடையாளம் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு காம்பில் மூன்று இலை, வசந்தத்தில் பளபளவென்று செம்மை கலந்த பச்சை. நம் ஊர் சேராங்கொட்டையின் குடும்பம்தான். பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிப்பதும் அதே மாதிரிதான். நடந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கணுக்காலிலும் முழங்காலின் பின்புறமும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள். எவ்வளவு பூத்துக் கிடந்தாலும் ஒன்றைக்கூடப் பறிக்கக் கூடாது, இந்தப் பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம். சாமிக்கு இரண்டு பூ எடுத்துக்கொள்கிறேனே என்று அம்மா கேட்டபோது சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. காரணத்தைச் சொன்னதும், "சரி, அதது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்று அங்கேயே கும்பிட்டுவிட்டு நடந்தார்.

இந்த வருஷம் அம்மா ஏப்ரல் இரண்டாம் வாரம் வருகிறார். நேர மாற்றத்தில் நாலு நாள் தூக்கம் சரியாக இருக்காது. அதனால் முதல் சனிக்கிழமையை விட்டுவிட்டு, மூன்றாம் வாரம் எட்ஜ்வுட், மே முதல் வாரம் ரஷ்யன் ரிட்ஜ் என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்பே ஒரு மார்ச் மாலை நானும் மகளும் மட்டும் ஸ்டைல் ராஞ்ச் போய், பாட்டிக்குக் காட்ட எந்தெந்தப் பூ வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கியாகிவிட்டது.